விசையா, புலமா, மின்னழுத்தமா? நிலைமின்னியலைத் தொடங்க மூன்று வழிகள்

பெங்களூரின் அல்சூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு, இரண்டாம் பி.யு.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) படிக்கும் என் அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இயற்பியல் நோட்டுடன் வந்தாள். ஓய்வில் இருக்கும் மின்னூட்டங்களைப் பற்றிய நிலைமின்னியலுக்கு உரிய முதல் இரண்டு அத்தியாயங்களும் வகுப்பில் நடந்து முடிந்திருந்தன. சூத்திரங்கள் அனைத்தும் அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருந்தன. ஆனாலும், ஒரே அளவுள்ள இரண்டு நேர் மின்னூட்டங்களின் நடுப்புள்ளியில் என்ன இருக்கும் என்ற எளிய கணக்கில் நின்றுவிட்டாள். "சித்தி, நடுவுல புலம் பூஜ்யம்னா பொட்டென்ஷியலும் பூஜ்யமாத்தானே இருக்கணும்?" என்று கேட்டாள். பொட்டென்ஷியல் என்று அவள் சொன்னது மின்னழுத்தத்தை.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவளே போட்டு வைத்திருந்த ஒரு கட்டத்தைப் பார்த்தபோது, சிக்கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. விசை, புலம், நிலை ஆற்றல், மின்னழுத்தம் என்று நான்கு கட்டங்கள். மேலே இரண்டு மின்னூட்டங்களைப் பெருக்க வேண்டுமா, ஒன்று மட்டும் போதுமா. கீழே தொலைவின் வர்க்கமா, வெறும் தொலைவா. இந்த இரண்டு கேள்விகளுக்குமான விடைகளைக் கோத்தால் நான்கு சூத்திரங்களும் வந்துவிடுகின்றன. நினைவில் வைத்துக்கொள்ள அது மிக நல்ல கட்டம். ஆனால் மின்னூட்டத்தால் வகுப்பதன் பொருள் என்ன, தொலைவின் ஒரு அடுக்கு குறைவதன் பொருள் என்ன என்பவற்றுக்கு அதில் இடமே இல்லை. நான்கும் நான்கு தனித்தனி ஊர்களாக அவள் மனத்தில் இருந்தன. அவற்றை இணைக்கும் சாலை அவளுக்குத் தெரியவில்லை.

முதல் உள்தேர்வுக்கு ஆறு வாரங்கள் இருந்தன. மறுபடி தொடங்குவதென்றால் எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் நாங்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. புத்தகம் செல்வதுபோல் விசையிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறலாம். புலத்தை முதற்பொருளாக வைத்து மற்றவற்றை அதிலிருந்து பெறலாம். அல்லது ஆற்றலிலும் மின்னழுத்தத்திலும் தொடங்கிப் பின்னோக்கி வரலாம். மூன்று வழிகளும் ஒரே உண்மைக்கே இட்டுச் செல்கின்றன என்றாலும், எந்தப் பிழை எளிதில் நேரும், எந்தக் கணக்கு விரைவில் முடியும், எந்தக் கருத்து நெஞ்சில் தங்கும் என்பவற்றில் அவற்றுக்குள் பெரிய வேறுபாடு இருக்கிறது.

விசையிலிருந்து தொடங்குவதே பழைய வழி. 1785-இல் பிரான்சைச் சேர்ந்த கூலூம், மெல்லிய கம்பியில் தொங்கும் ஒரு குறுக்குத் தண்டு எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்பதை அளந்து, மின்விசை தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது என்று காட்டினார். இந்த வழியின் பெரிய பலம், விசையைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதே. அன்று காலை நாங்கள் செல்லோ டேப்பில் ஒரு சாண் நீளத்துக்கு இரண்டு துண்டுகளைக் கிழித்துச் சாப்பாட்டு மேசையில் அடுத்தடுத்து ஒட்டி, வெடுக்கென்று பிரித்தெடுத்து, அருகருகே தொங்கவிட்டோம். இரண்டும் ஒன்றிடமிருந்து ஒன்று விலகி வளைந்தன. பிறகு ஒரு துண்டின் முதுகில் இன்னொன்றை ஒட்டிவிட்டுப் பிரித்தபோது, இரண்டும் ஒன்றையொன்று நாடி வந்து ஒட்டிக்கொண்டன. மின்னூட்டம் இருவகை என்பதையும், ஒத்தவை விலக்கும் மாறுபட்டவை ஈர்க்கும் என்பதையும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

விசை வழியில் எண்களுக்கும் உயிர் இருக்கிறது. சிறிய நெல்லிக்காய் அளவுள்ள, 0.1 கிராம் எடையுள்ள இரண்டு தெர்மகோல் உருண்டைகளை அரை மீட்டர் நூல்களில் ஒரே ஆணியிலிருந்து தொங்கவிட்டு, இரண்டுக்கும் ஒரே அளவு மின்னூட்டம் கொடுத்ததும் அவை 5 சென்டிமீட்டர் விலகி நின்றன என்று வைத்துக்கொள்வோம். நூலின் சாய்விலிருந்து, விசை எடையில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 4.9×10⁻⁵ நியூட்டன் என்று தெரியும். கூலூம் விதியில் அதைப் போட்டால் ஒவ்வொரு உருண்டையிலும் இருப்பது சுமார் 3.7 நானோ கூலூம் (அவர் பெயரிலேயே அமைந்த கூலூம் மின்னூட்டத்தின் அலகு; நானோ என்பது அதில் நூறு கோடியில் ஒரு பங்கு). எலக்ட்ரான் கணக்கில் கிட்டத்தட்ட 2300 கோடி. ஒரு கூலூம் எவ்வளவு பெரிய அளவு, அன்றாட மின்னூட்டங்கள் ஏன் நானோவிலும் மைக்ரோவிலும் பேசப்படுகின்றன என்பதெல்லாம் இந்த ஒரு கணக்கிலேயே பிடிபட்டுவிடும்.

ஆனால் விசை வழி சீக்கிரமே களைத்துப்போகிறது. விசைக்குத் திசை உண்டு. ஆகவே மூன்றாவது மின்னூட்டம் வந்தவுடன் ஒவ்வொரு விசையையும் கூறுகளாகப் பிரித்து, சைன் கொசைன் போட்டு, மறுபடி கூட்ட வேண்டும். நான்காவது வந்தால் ஒரு பக்கம் முழுவதும் கணக்கே நிறைகிறது. இயற்பியல் எங்கே போயிற்று என்று மாணவருக்குத் தெரிவதில்லை. இதைவிட அடிப்படையான குறை ஒன்றும் உண்டு. வெற்றிடத்தில் விலகி நிற்கும் இரண்டு பொருள்களில், ஒன்று இருப்பது மற்றொன்றுக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கு விசைச் சூத்திரம் விடை சொல்வதில்லை.

அந்தக் கேள்வியிலிருந்துதான் புலம் பிறக்கிறது. ஓர் இடத்தில் ஒரு கூலூமை வைத்தால் அதன்மேல் எவ்வளவு விசை, எந்தத் திசையில் செயல்படும் என்பதே அந்த இடத்தின் மின்புலம். மின்னூட்டத்தால் வகுப்பது என்ற அந்தச் சிறிய செயலால், "யார்மேல் விசை" என்ற கேள்வி "எந்த இடத்தில் என்ன நிலைமை" என்ற கேள்வியாக மாறிவிடுகிறது. புத்தகக் கட்டுக்காரரிடம் தொழில் பழகிப் பின் விஞ்ஞானியான மைக்கேல் ஃபாரடே, வெளி முழுவதும் கோடுகள் நிறைந்திருப்பதாகக் கண்டதும், அவருடைய படத்தை மாக்ஸ்வெல் கணிதமாக எழுதியதும் இந்த மாற்றத்தின் வரலாறு. புலம் வெறும் கணக்கு வசதிக்காக வந்தது என்று எண்ணிவிடக் கூடாது. சூரியனில் ஒரு மின்னூட்டத்தை இன்று அசைத்தால், அந்த அசைவின் விளைவு நம்மை வந்தடைய 8 நிமிடங்களுக்கு மேல் ஆகும். அந்த 8 நிமிடங்களும் செய்தியைச் சுமந்து வருவது புலமே.

புலத்தைத் தேர்வு செய்ய வேண்டிய கணக்குகளில் வேறு எதுவும் அதற்கு ஈடாகாது. மிக நீண்ட ஒரு நேர்கம்பியில் மீட்டருக்கு 1 நானோ கூலூம் வீதம் மின்னூட்டம் பரவியிருக்கிறது. 10 சென்டிமீட்டர் தள்ளி என்ன இருக்கும் என்று கேட்டால், கம்பியைச் சுற்றி ஒரு உருளையைக் கற்பனை செய்து, மூடிய பரப்பைக் கடக்கும் புலத்தை உள்ளே இருக்கும் மின்னூட்டத்தோடு இணைக்கும் காஸ் விதியை எழுதினாலே கூலூமுக்கு 180 நியூட்டன் என்ற விடை இரண்டு வரியில் வந்துவிடும். விசை வழியில் இதற்குத் தொகையிடல் தேவை. மின்னழுத்த வழியில் இன்னும் தொல்லை: முடிவிலியில் பூஜ்யம் என்ற வழக்கமான ஏற்பாட்டை இங்கே செய்தால், கம்பியும் முடிவின்றி நீள்வதால் விடை வரம்பின்றிப் பெருகும், ஏதேனும் ஒரு குறிப்பிட்ட தொலைவைப் பூஜ்யமாக நாமே வைத்துக்கொண்டால்தான் கணக்கு நகரும். கோளம், உருளை, பரந்த தகடு என்று சமச்சீர் கண்ணில் படும்போதெல்லாம் புலத்தையே முதலில் தேட வேண்டும்.

புல வழியில் வரும் ஆபத்து, படம் உண்மையை விழுங்கிவிடுவது. புலக் கோடுகளை மாணவர்கள் நூல்களாகவோ குழாய்களாகவோ பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு கோடுகளுக்கு இடையே வைத்த மின்னூட்டத்துக்கு விசையே இராதா என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டிருக்கிறார். கேட்டதில் தவறில்லை, படம் அப்படித்தான் சொல்கிறது. விடுவிக்கப்பட்ட எலக்ட்ரான் வளைந்த கோட்டின் வழியே வளைந்து ஓடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. கோடு காட்டுவது அந்தக் கணத்தின் விசைத் திசையை. எலக்ட்ரானுக்கோ முன்பே சேர்ந்த வேகமும் இருக்கிறது.

இனி மூன்றாவது வழி. புத்தகம் இதைக் கடைசியில் வைத்திருந்தாலும், நான் அதிக நேரம் செலவிட விரும்பியது இதில்தான்.

முதலில் சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குழப்பத்தின் பாதி அங்கேதான் உருவாகிறது. தமிழில் மின்னழுத்தம் என்கிறோம். அழுத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எதுவோ எதன்மேலோ அழுத்துகிறது, அதாவது விசை ஒன்று இருக்கிறது என்று மனம் எண்ணிக்கொள்கிறது. புலம் பூஜ்யமானால் அழுத்துவதற்கு எதுவும் இல்லை, ஆகவே அழுத்தமும் பூஜ்யம் என்ற முடிவு தானாகவே வந்துவிடுகிறது. என் அக்கா மகள் ஆங்கில வழியில் படித்தாலும் வீட்டில் தமிழில்தான் யோசிக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் கன்னடப் புத்தகத்தில் இதற்கு விபவ என்ற சொல் இருக்கிறது. விபவம் என்றால் தமிழில் செல்வம் என்றும் பொருள் உண்டு; அந்தப் பொருள் இங்கே தற்செயலாகப் பொருந்துவது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஓர் இடத்தில் நிற்பதாலேயே ஒரு மின்னூட்டத்துக்குக் கைவசம் இருக்கும் ஆற்றல், கூலூம் ஒன்றுக்கு எவ்வளவு ஜூல் என்பதைத்தான் வோல்ட் சொல்கிறது. நிலை ஆற்றல் என்று சொல்லும்போது நாம் சரியான சொல்லையே பயன்படுத்துகிறோம். மின்னழுத்தத்தையும் அந்த நிலை என்ற கருத்தோடு சேர்த்தே கற்பிக்க வேண்டும்.

நிலை என்றால் உயரம். சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்வரும் நம் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. சென்னை கடல் மட்டத்தை ஒட்டியது. பெங்களூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக வரலாம். சித்தூர், முல்பாகல், கோலார் வழியாகவும் வரலாம். எந்த வழியில் வந்தாலும் 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை அந்த உயரத்துக்கு ஏற்றுவதற்குப் புவியீர்ப்புக்கு எதிராகச் செய்த வேலை 4,41,000 ஜூல்தான்; நடுவில் எத்தனை இறக்கங்கள், எத்தனை சுற்றுகள் என்பது ஒரு பொருட்டே இல்லை. மின்னழுத்த வேறுபாடு பாதையைச் சாராது என்று புத்தகம் சொல்வது இதைத்தான். பெங்களூரையே பூஜ்யமாக வைத்துக்கொண்டால் சென்னை கழித்தல் 900 மீட்டர் ஆகும். 1478 மீட்டர் உயரமுள்ள நந்தி மலை 578 ஆகும். எண்கள் மாறும், ஏற்றம் மாறாது. பூஜ்யத்தை எங்கே வைப்பது என்பது நம் வசதி.

இந்த உவமையிலேயே புலத்துக்கும் இடம் இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் சாலை எவ்வளவு செங்குத்தாக இருக்கிறது என்பதே புலம். மீட்டருக்கு எத்தனை வோல்ட் இறங்குகிறது என்ற கணக்கு. பெங்களூரில் ஒரு மைதானத்தின் நடுவில் நிற்பவருக்குச் சரிவு பூஜ்யம்; அவர் நிற்கும் உயரம் 900 மீட்டர். சரிவு இல்லை என்பதால் உயரமும் இல்லை என்று யாராவது சொல்வார்களா? என் அக்கா மகளின் கேள்விக்கு நான் கொடுத்த விடை இவ்வளவுதான். பிறகு எண்ணிலும் போட்டுப் பார்த்தோம். 20 சென்டிமீட்டர் இடைவெளியில் 1 நானோ கூலூம் வீதம் இரண்டு நேர் மின்னூட்டங்கள். நடுவில் இரண்டு புலங்களும் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன, ஆனால் மின்னழுத்தம் 90-உம் 90-உம் சேர்ந்து 180 வோல்ட். அவற்றில் ஒன்றை எதிர் மின்னூட்டமாக மாற்றினால் எல்லாம் தலைகீழ்: மின்னழுத்தம் பூஜ்யம், புலமோ மீட்டருக்கு 1800 வோல்ட். இந்த இரண்டு விடைகளையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்த மாணவர் இனி அந்தக் குழப்பத்துக்குத் திரும்பமாட்டார் என்பது என் அனுபவம்.

உவமை ஓரிடத்தில் உடைகிறது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். எடைக்கு ஒரே குறிதான். எல்லாப் பொருளும் கீழேதான் உருளும். மின்னூட்டத்துக்கு இரு குறிகள் இருப்பதால், நேர் மின்னூட்டம் தாழ்ந்த மின்னழுத்தத்தை நோக்கி உருள, எலக்ட்ரான் உயர்ந்த மின்னழுத்தத்தை நோக்கி ஏறிச்செல்லும். மலையைக் கவிழ்த்துப் பார்க்கும் மின்னூட்டம் என்று நான் சொல்வது வழக்கம். இதைச் சொல்லாமல் விட்டால், இரண்டு வாரம் கழித்து ஒவ்வொரு கணக்கிலும் குறி தவறும்.

மின்னழுத்த வழியின் கணக்குப் பலம், அதற்குத் திசை இல்லை என்பதே. 10 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுரத்தின் நான்கு மூலைகளிலும் 1 நானோ கூலூம் இருந்தால், மையத்தில் மின்னழுத்தம் என்ன? நான்கு சமமான எண்களைக் கூட்டினால் 509 வோல்ட். அந்த நான்கையும் வெகு தொலைவிலிருந்து கொண்டுவந்து அந்த இடங்களில் வைக்க எவ்வளவு வேலை? ஆறு இணைகளுக்கும் நிலை ஆற்றலைக் கூட்டினால் ஏறத்தாழ 4.9×10⁻⁷ ஜூல். இதையே விசை வழியில் செய்ய முனைந்தால், ஒவ்வொரு மின்னூட்டமும் நகர்ந்து வரும் பாதை நெடுக மாறிக்கொண்டே இருக்கும் விசையைத் தொகையிட வேண்டும். அப்படிச் செய்யும் மாணவருக்குத் தேர்வு அறையில் வேறெதையும் செய்ய நேரமிராது. கர்நாடகத்தின் சி.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வில் இயற்பியலுக்கு 80 நிமிடங்களில் 60 கேள்விகள். கேள்வி ஒன்றுக்கு ஒன்றேகால் நிமிடத்துக்குச் சற்று மேல். அங்கே எந்த அளவைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதே விடையின் பாதி.

இணைத் தகடுகளில் இரண்டு வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். 9 வோல்ட் பேட்டரியோடு இணைத்த, 2 மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரண்டு தகடுகள். எதிர்மின் தகட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் ஓய்விலிருந்து புறப்படுகிறது. விசை வழியில், புலம் மீட்டருக்கு 4500 வோல்ட், விசை 7.2×10⁻¹⁶ நியூட்டன், அதை நிறையால் வகுத்து முடுக்கம், பிறகு இயக்கச் சமன்பாடு என்று நான்கு படிகளில் நொடிக்கு ஏறத்தாழ 18 லட்சம் மீட்டர் என்ற வேகம் கிடைக்கிறது. மின்னழுத்த வழியில், 9 வோல்ட் கடந்த எலக்ட்ரானுக்கு 9 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றல், அதிலிருந்து வேகம், இரண்டே படிகள். அதோடு ஒரு கூடுதல் உண்மையும் தெரிகிறது: தகடுகளை 2 சென்டிமீட்டருக்கு விலக்கினாலும் போய்ச் சேரும் வேகம் மாறாது. விசை வழியில் அது இறுதியில்தான் தெரியும், தெரிந்தாலும் வியப்பாகவே இருக்கும். ஆனால் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் நிலைமை மாறிவிடும். மின்னழுத்தம் நேரத்தைப் பற்றி எதுவும் சொல்லாது, முடுக்கத்துக்குத்தான் திரும்ப வேண்டும். கேள்வியில் வேகம், ஆற்றல், வேலை என்ற சொற்கள் வந்தால் மின்னழுத்தம். முடுக்கம், நேரம், சமநிலை என்ற சொற்கள் வந்தால் விசை என்று நோட்டின் ஓரத்தில் எழுதி வைக்கச் சொன்னேன்.

வோல்ட் என்ற அலகு ஏற்கெனவே வீட்டில் புழங்குகிறது என்பது இந்த வழிக்கு இன்னொரு பலம். பேட்டரியின் 1.5, சுவரின் 230, தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்கு வரும் 11,000 என்று பிள்ளைகளுக்கு எண்கள் தெரியும். கூலூமுக்கு நியூட்டன் என்ற அலகை யாரும் கடையில் கேட்டு வாங்குவதில்லை. பெங்களூரின் ஜனவரிக் காற்று வறண்டிருக்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுக் கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று ஒரு பொறி பறக்குமே, அதை எடுத்துக்கொள்வோம். காற்று மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட்டில் மின்காப்பை இழக்கிறது. பொறி 3 மில்லிமீட்டர் தாவியிருந்தால் விரலுக்கும் பிடிக்கும் இடையே கிட்டத்தட்ட 9000 வோல்ட் இருந்திருக்க வேண்டும். 9000 வோல்ட்டா என்று அவள் திடுக்கிட்டாள். மனித உடலின் மின்தேக்குத்திறனை, அதாவது வோல்ட் ஒன்றுக்கு அது தேக்கும் மின்னூட்டத்தை, சுமார் 100 பிக்கோ ஃபாரட் என்று வைத்துக்கொண்டால், இடம் மாறிய மின்னூட்டம் ஒரு மைக்ரோ கூலூமைக் கூடத் தொடாது. ஆற்றல் 4 மில்லி ஜூல் அளவு. சுவரின் 230 வோல்ட் உயிரை எடுக்கும், கதவின் 9000 வோல்ட் விரலைச் சுண்டிவிட்டுப் போய்விடும் என்ற முரண் இப்படித்தான் விளங்கும்: வோல்ட் என்பது கூலூம் ஒன்றுக்கான ஆற்றல், எத்தனை கூலூம் வருகிறது, எவ்வளவு நேரம் தொடர்ந்து வருகிறது என்பது வேறு கணக்கு.

கூர்முனைகளைப் பற்றிய பாடமும் இங்கே எளிதாகிறது. 10 சென்டிமீட்டர், 1 சென்டிமீட்டர் ஆரமுள்ள இரண்டு உலோகக் கோளங்களை நீண்ட கம்பியால் இணைத்துவிட்டால் இரண்டும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடும். அது 9000 வோல்ட் என்றால், பெரிய கோளத்தின் பரப்பில் புலம் மீட்டருக்கு 90,000 வோல்ட், சிறியதன் பரப்பில் 9,00,000. ஆரம் 3 மில்லிமீட்டராகச் சுருங்கினால் 30 லட்சம். காற்று அங்கே தாங்காது. இடிதாங்கி ஏன் கூர்மையாக இருக்கிறது என்பதற்கான விளக்கத்தின் தொடக்கம் இந்த ஒரே வகுத்தலில் இருக்கிறது.

இத்தனை பலங்கள் இருந்தும், மின்னழுத்தத்தை மட்டும் பிடித்துக்கொள்ள நான் யாரையும் தூண்டமாட்டேன். ஒரு புள்ளியின் மின்னழுத்தம் மட்டும் தெரிந்தால் அந்தப் புள்ளியின் புலத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சுற்றுப்புறத்தில் அது எப்படி மாறுகிறது என்பதும் தெரிய வேண்டும். சம அளவுள்ள ஒரு நேர் மின்னூட்டமும் ஓர் எதிர் மின்னூட்டமும் சற்று விலகி நிற்கும் மின்இருமுனையின் செங்குத்து நடுக்கோட்டில் எல்லாப் புள்ளிகளிலும் மின்னழுத்தம் பூஜ்யம், ஆனால் எங்கும் புலம் இருக்கிறது. அந்தக் கோட்டின் வழியே ஒரு மின்னூட்டத்தை நகர்த்த வேலை செய்ய வேண்டியதில்லை. விசை எப்போதும் பாதைக்குக் குறுக்கே இழுப்பதால், மலைச்சரிவில் உயரம் மாறாமல் பக்கவாட்டில் நடப்பதைப் போன்றது அது. சாய்வு காலுக்குத் தெரியும், ஏற்றம் மூச்சுக்குத் தெரியாது. மேலும் பி.யு.சி. பொதுத் தேர்வில், மின்இருமுனையின் அச்சிலும் நடுக்கோட்டிலும் புலத்தைப் படிப்படியாக வருவித்து எழுதச் சொல்லும் வகையான கேள்விகளுக்குப் புத்தகத்தின் வரிசைதான் பாதுகாப்பு. வருவித்தல்களில் மதிப்பெண் வாங்குவதே முதல் நோக்கமாக இருப்பவர், பாடத்தை முதன்முறையாகப் படிப்பவர், வெக்டர் கூட்டலில் இன்னும் தடுமாறுபவர் ஆகியோர் விசையில் தொடங்கிப் புலம் வழியாகவே போகட்டும்.

எங்கள் நிலைமை வேறு. பாடம் ஒருமுறை முடிந்திருந்தது, சூத்திரங்கள் கையில் இருந்தன, இல்லாதது இணைப்பு மட்டுமே. ஆகவே ஆறு வாரங்களை இப்படிப் பிரித்துக்கொண்டோம். விசைக்கு ஒரே வாரம், அதுவும் டேப்பும் தெர்மகோல் உருண்டையுமாக. அடுத்து இரண்டரை வாரம் ஆற்றலும் மின்னழுத்தமும்; அதில் முதல் பாதி முழுவதும் இணைத் தகடுகளும் வோல்ட்டும்தான், புள்ளி மின்னூட்டங்கள் பிறகே. அதன்பின் புலத்தை மின்னழுத்தத்தின் சரிவாக அறிமுகம் செய்து, அதே இருமுனையைப் புத்தகத்தின் வழியிலும் ஒருமுறை வருவித்துப் பார்ப்பது. கடைசி வாரம் காஸ் விதிக்கு. நடுவில் ஒவ்வொரு ஞாயிறும், தீர்க்கத் தொடங்கும் முன் எந்த அளவைத் தேர்ந்தெடுக்கிறாள், ஏன் என்பதை மட்டும் ஒரு வரியில் எழுத வேண்டிய பத்துக் கணக்குகள்; தீர்க்கவே வேண்டியதில்லை. இந்தப் பயிற்சி மற்ற எதையும்விட அவளுக்கு உதவியது என்று நினைக்கிறேன்.

நான்காம் வாரத்தில் வளையத்துக்கு வந்தோம். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள வளையத்தில் 1 நானோ கூலூம் சீராகப் பரவியிருக்கிறது. அச்சில் எங்கே புலம் மிகுதி? புத்தகம் வகைநுண்கணிதத்தால், ஆரத்தை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்த இடத்தில், அதாவது 7 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே என்று விடை சொல்கிறது. அவள் அதைப் பார்க்காமல், வளையத்தின் ஒவ்வொரு துண்டும் அச்சுப் புள்ளியிலிருந்து சம தொலைவில் இருப்பதால் மின்னழுத்தம் எளிது என்று ஓரத்தில் எழுதிவிட்டு, மையத்திலிருந்து இரண்டிரண்டு சென்டிமீட்டராக எண்களைப் போட்டுக்கொண்டு போனாள்: 90, 88.3, 83.6, 77.2, 70.3, 63.6, 57.6. அதற்குப் பக்கத்தில் அடுத்தடுத்த எண்களின் வேறுபாட்டை எழுதினாள்: 1.7, 4.7, 6.4, 6.9, 6.7, 6.0. மையத்துக்கு அருகே 90 வோல்ட்டும் கிட்டத்தட்டச் சரிவே இல்லாத சமதரையும் இருப்பதை அவள் இம்முறை கேட்காமலே கடந்து போனாள். 6-க்கும் 8-க்கும் இடைப்பட்ட 6.9-ஐப் பென்சிலால் வட்டமிட்டு, 0.02 மீட்டரால் வகுத்து, மீட்டருக்கு 345 வோல்ட் என்று எழுதிய பிறகுதான் புத்தகத்தைத் திறந்து பார்த்தாள். அதன் சூத்திரத்தில் எண்களைப் போட்டால் 346 வந்தது.